காற்றை வெட்டிய நேரம்

மாலை ஆறிலிருந்து பத்துவரை மின்சாரம் இருக்கும்.
பிறகு ஜேக்கப்ஸ் பகுதி முழுக்க இருட்டு.
அட்டவணை அப்படிச் சொல்கிறது.
கரும்பாலைக்குப் பம்பு உறை இரண்டு
விடிவதற்குள் லாரியில் ஏற வேண்டும்.
ஒன்றுக்கு நூற்று முப்பத்தொரு நிமிடம்.

வெட்டும்போது மின்சாரம் போனால்
உளி எஃகுக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிடும்.
போன மாதம் அப்படி ஒன்று நின்றது.
முதலாளி கிஸ்டன் அதைத் தன் மேசைமேல் வைத்திருக்கிறார்,
காகிதம் பறக்காமலிருக்க.

மதியம் முழுக்கத் திரையில்
உளி போகும் வழியையே பார்த்திருந்தேன்.
நீலக்கோடு வெட்டுகிறது.
மஞ்சள்கோடு சும்மா பறக்கிறது.
முப்பத்தெட்டுக் குழிகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு
ஐம்பது மில்லிமீட்டர் மேலே எழும்பி
மறுகோடிக்குப் போய் இறங்கி,
திரும்ப எழும்பி, திரும்ப இந்தக் கோடிக்கே வந்து.
பக்கத்து வீட்டுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு
ஊரைச் சுற்றுகிற தபால்காரன்.

மஞ்சளை மட்டும் கூட்டினேன்.
பத்தொன்பது நிமிடம் காற்றை வெட்டியிருக்கிறோம்.
காற்றுக்கு யாரும் பில் போட்டதில்லை.

ஐம்பது என்று எழுதியது யார்?
நான்தான்.
மூன்று வருடத்துக்கு முன்
ஸ்பிண்டிலைக் கிளாம்பின் தலையில் மோதவிட்ட மறுநாள்.
பயத்துக்கும் ஓர் அளவு போட்டாக வேண்டியிருந்தது,
போட்டேன்.
அதன்பின் அதைத் தொட்டவரில்லை.

பெக்கானி வெர்னியரை எடுத்துப்போய்
கிளாம்பை அளந்து
முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தான்: 18.4.
"இருபத்திரண்டு போதும், கோகி."
இருபத்திரண்டு என்று அடித்தேன்.
அழித்தேன். மறுபடி அடித்தேன்.
குழிகளின் வரிசையையும் மாற்றினேன்,
கிட்டத்தில் இருப்பது முதலில்.
எட்டு நிமிடம் கிடைத்தது.
பதினைந்து வேண்டும்.

அப்புறம் மூலைகள்.
நேர்க்கோட்டில் முனகிக்கொண்டு போகும் உளி
மூலையில் நாலாபக்கமும் எஃகு சூழ்ந்ததும் கத்தும்.
அந்தக் கத்தலுக்கு ஒரு வேகம் வைத்து
அதே வேகத்தை எல்லா இடத்துக்கும் வைத்திருந்தோம்.
மூலைக்குப் பயந்து
முழு வழியையும் தவழ்ந்து கடந்தோம்.

மூலையில் இனி நேராக நுழையாதே,
சின்னச் சின்ன வட்டமாகச் சுழன்று போ,
ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நகக்கீறல் அளவு மட்டும் கடி
என்று மாற்றி எழுதினேன்.
வழி நீளமானது.
நேரம் குறைந்தது.
கிஸ்டனுக்கு இதை இரண்டு முறை சொன்னேன்.
இரண்டாம் முறையும் தலையாட்டினார், நம்பாமல்.

ஆறு அடித்ததும் ஓட்டினோம்.
முதல் மூலை வந்தபோது
பெக்கானி கதவின்மேல் உள்ளங்கையை வைத்தான்.
நான் சிவப்புப் பொத்தானின்மேல் விரலை வைத்தேன்.
கத்தவில்லை.
மழையில் தகரக்கூரை போல ஒரே சீரான சத்தம்,
மூலையிலும், மூலை தாண்டியும்.
"ஹாய்போ," என்றான், மெதுவாக,
சத்தம் கேட்டுக் கலைந்துவிடுமோ என்பதுபோல.
சில்லுகள் எல்லாம் ஒரே அளவு.
ஒன்றை எடுத்துப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

நூற்றுப் பதின்மூன்று நிமிடம்.
கழற்றி, துடைத்து, அடுத்ததை மாட்ட
நான்கு நிமிடம்.
மறுபடி நூற்றுப் பதின்மூன்று.
இரண்டாவது உறையை இறக்கிவைத்தபோது
ஒன்பது ஐம்பத்து நான்கு.

டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.
கூலண்ட் சொட்டுகிறது.
பத்து.
பத்து ஐந்து.
பத்தேகால்.

மின்சாரம் போகவில்லை.

குழல்விளக்கு எங்கள் தலைக்குமேல்
எதுவும் நடக்காததுபோல் எரிந்தது.
பெக்கானி என்னைப் பார்த்தான், உறைகளைப் பார்த்தான்,
எனக்கும் சிரிப்பு வந்தது,
கொஞ்சம் எரிச்சலோடுதான்.
மிச்சம்பிடித்த நிமிடங்களை
எங்கே வைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை.

அவன் முன்கையிலிருந்த 18.4
வியர்வையில் கலைந்து
வெறும் 8 ஆகியிருந்தது.
வீட்டுக்குப் போகுமுன்
சுவரில் பெரிதாக எழுதிவைத்தேன்.